ரசமா, நெய்யா, லித்தியமா?

ஆயுர்வேதத்தின் ஸ்மிருதிசாகர ரசம் (பாதரசம் சேர்ந்த மருந்தை ‘ரசம்’ என்பார்கள்) பார்வைக்குச் சின்ன மாத்திரைதான். உள்ளே பாதரசம், கந்தகம், தாளகம், மனோசிலை, தாமிர பஸ்பம் (செம்பைச் சுட்டு எடுத்த பொடி). தாளகமும் மனோசிலையும் ஆர்செனிக் கலந்த கனிமங்கள். வசம்புக் கஷாயத்தில் 21 முறை, பிரமிச் சாற்றில் 21 முறை அரைத்து, கடைசியில் வாலுளுவை எண்ணெய் விட்டு ஒரு முறை அரைப்பார்கள். வலிப்புக்கும் ஞாபகக் குறைவுக்கும் கொடுப்பது. சரக்கைச் சுத்திகரித்து இத்தனை முறை அரைத்தால் நஞ்சு முறியும் என்பது வைத்தியர் தரப்பு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. சேர்மம் மாறலாம், உடம்பில் கரைவது குறையலாம். ஆனால் ஆர்செனிக்கை எத்தனை கல்வத்தில் அரைத்தாலும் அது ஆர்செனிக்தான்.

கல்யாணக கிருதம் வேறு சங்கதி. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் உன்மாதம் (மனநோய்) பற்றிய பகுதியில் வரும் நெய். திரிபலா, தேவதாரு, நன்னாரி, மஞ்சள் என்று 28 மூலிகைகள், உலோகம் கிடையாது. கசக்கும், சிலருக்குச் செரிக்காது. முற்றிய மனச்சிதைவை இதை மட்டும் நம்பி விட்டுவைக்கக் கூடாது. ஆனாலும் ஆயுர்வேதம்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் கைகாட்டுவது இந்தப் பக்கம். கேரளத்து மானசமித்ர வடகம் என்ற மாத்திரை இரண்டுக்கும் நடுவில்: மூலிகையோடு தங்கம், வெள்ளி, முத்து, பவளம். விலையும் அதற்கேற்ப.

கனிமம் என்றாலே எனக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்கு 1949ல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் கொண்டுவந்த லித்தியமும் கனிம உப்புதான், ஆபத்தானதும்கூட. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை மருந்து, 1.5ஐத் தாண்டினால் கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம். சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். தொல்லைதான். ஆனால் எங்கே நிறுத்துவது என்று ஆய்வகச் சீட்டு சொல்லிவிடும். ரசத்துக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. ரத்தத்தில் பாதரசம் பார்ப்பது நஞ்சேறியதைக் கண்டுபிடிக்க மட்டுமே உதவும்.

2008ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருந்தது. ரசம், பஸ்ப வகைகளில் மட்டும் பார்த்தால் ஐந்தில் இரண்டு.

சரி, ரசம்தான் எடுப்பேன் என்றால் மனநல மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அவர் தந்த மாத்திரையைச் சொந்தமாக நிறுத்தாதீர்கள். டப்பாவையும் திருப்பிப் பாருங்கள். பாதரசம், தாளகம் சேர்ந்த மருந்தில் ‘மருத்துவ மேற்பார்வையில் மட்டும்’ என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும். தமிழில் தேட வேண்டாம். சட்டம் கேட்பது ஆங்கிலமும் இந்தியும்தான்.