எம்.ஏ.வுக்கு கரஸா, ஆன்லைனா?

முக்கூடலில் வீட்டில் பீடி சுற்றிக்கொண்டே, திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ் வழியில் எம்.ஏ. வரலாறு முடித்தேன். சேருவதற்கு முன்னால் ஒரு மாதம் கரஸா (புத்தகம் வாங்கி வீட்டிலிருந்தே படிக்கும் தொலைநிலைப் படிப்பு), ஆன்லைனா என்று குழம்பினேன். தம்பி அப்போதுதான் ஆன்லைனில் எம்.பி.ஏ. சேர்ந்திருந்தான், அவன் பாடங்களையும் கூட உட்கார்ந்து பார்த்தேன். இப்போது தெருவில் இரண்டு பெண்கள் அதே கேள்வியோடு வருகிறார்கள்.

பட்டத்தின் மதிப்பில் வித்தியாசம் இல்லை. அங்கீகாரம் உள்ள நிறுவனம் தந்தால் இரண்டும் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022லேயே அறிவித்துவிட்டது. நீங்கள் சேரும் ஆண்டில் அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும் யுஜிசி தளத்தில் பாருங்கள். அப்புறம், பத்து, பன்னிரண்டு முடிக்காமல் நேராக வாங்கிய திறந்தநிலைப் பட்டம் தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு ஆகாது.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது பாடத்தின் மொழி. தமிழா இங்கிலீஷா என்பது பாதிதான், பாடம் நம்மோடு எப்படிப் பேசுகிறது என்பது மீதி. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971ல் இந்த வீட்டிலிருந்து படிக்கும் முறையை ஆரம்பித்தபோது இதற்குப் பெயர் அஞ்சல்வழிக் கல்வி. எங்கள் சித்திக்கு 90களில் தபாலில் வந்த கட்டு ஒன்று பரணில் கிடந்தது, எடுத்துப் பார்த்தேன்: பக்கம் பக்கமாக வகுப்புக் குறிப்பு, வாத்தியார் மட்டும் இல்லை. இதற்கிடையே 1985ல் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), 2002ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று வரவர பெயரும் தொலைநிலைக் கல்வி ஆனது, புத்தகமும் பேச ஆரம்பித்தது. தொலைநிலைப் பாடம் மாணவரோடு நடக்கும் உரையாடலாக இருக்க வேண்டும் என்று ஸ்வீடன் அறிஞர் போர்யே ஹோல்ம்பெர்க் எழுதியிருக்கிறார். என் புத்தகத்தில் அது தெரிந்தது. ‘இந்த அலகைப் படித்த பின் நீங்கள் விளக்க முடியும்’ என்று தொடங்கும், நாலு பக்கத்துக்கு ஒரு கேள்வி கேட்டு நிறுத்தும். மடியில் சுளவு (முறம்), பக்கத்தில் விரித்த புத்தகம். கை இலையைச் சுருட்டும், வாய் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும். கையெல்லாம் தூள் இருக்கும்போது போனைத் தொட முடியாது, புத்தகம் திறந்தபடியே கிடக்கும். தமிழில் சொல்லிப் பார்த்ததையே பரீட்சைத் தாளில் தமிழில் எழுதினேன், நடுவில் மொழிபெயர்க்க வேண்டிய வேலை இல்லை.

தம்பியின் வீடியோக்களில் விளக்கம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வேகமான இங்கிலீஷ். ஒரு வாக்கியம் பிடிக்க மூன்று தடவை பின்னால் தள்ள வேண்டியிருந்தது. கலந்துரையாடல் பகுதியில் சந்தேகம் கேட்கலாம், அதையும் இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும். கேள்வியை எழுதத் தெரியாமலே நான் பல சந்தேகங்களை விட்டிருப்பேன்.

ஆனால் நான் பார்த்தது அந்த ஒரு படிப்பைத்தான். தமிழில் நடத்தும் ஆன்லைன் பட்டம் கிடைத்தால் என் கணக்கு மாறலாம். கணினி, கணக்குப் பதிவியல் மாதிரிப் படிப்புகளுக்குத் திரையில் செய்து காட்டுவது உதவும் என்று தம்பி சொல்கிறான், அதில் எனக்கு அனுபவம் இல்லை.

எதில் சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு அலகையாவது வாங்கி வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். என் முதலாண்டுப் புத்தகங்களை மேலத்தெருப் பெண் கொண்டுபோயிருக்கிறாள், இரண்டாமாண்டுக் கட்டு வீட்டில்தான் இருக்கிறது.