கேம்பர் வேனில் தண்ணீர் பம்ப் மாற்றப் போகிறவர்கள் பலகையை மூடவிடும் முன் வயரைப் பாருங்கள்

டெம்போ டிராவலரை மாற்றியமைத்த எங்கள் கேம்பர் வேனில் சமையல் தொட்டிக்கும் கழிப்பறைக்கும் தண்ணீர் தருவது 12 வோல்ட்டில் ஓடும் ஒரே ஒரு டயாஃப்ரம் பம்ப். சென்ற கோடையில் அது நின்றுபோனதால், வேலூரில் கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை செய்யும் ஒரு கடையில் வண்டியை விட்டேன். மோட்டார் எரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். புதிய பம்ப், பேட்டரியிலிருந்து தனியாக 2.5 ஸ்கொயர் எம்.எம். வயர், 10 ஆம்பியர் ஃப்யூஸ், கூலி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். நானும் கொடுத்துவிட்டு வந்தேன். மாலையில் வண்டியை எடுத்தபோது பம்ப் இருந்த இடத்தின் பலகை திருகுகளுடன் மூடப்பட்டிருந்தது. குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. அதற்கு மேல் பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் குடும்பத்தோடு ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஏலகிரிக்குப் போனோம். மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, இரவில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா, “ஏம்பா, ஏதோ கருகுற வாடை வருதே” என்றார். பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பலகையைத் திறந்தேன். இரண்டு வயர்களை வெறும் கையால் முறுக்கி, அதன்மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப் உருகி ஒட்டுப்பிசினாகி விரலோடு வந்தது. உள்ளே செம்பு கறுத்து, வயரின் மேலுறை நகம் பட்டாலே பிளக்கும் அளவுக்கு இளகியிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் சமையல் அலமாரியின் பிளைவுட்.

ஊருக்குத் திரும்பி, நம்பிக்கையான ஒரு நண்பருடன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது முழுக் கதையும் தெரிந்தது. தனி வயர் இழுக்கவே இல்லை. உள்விளக்குகளுக்குப் போகும் பழைய 1 ஸ்கொயர் எம்.எம். வயரிலிருந்தே பம்ப்புக்கு மின்சாரம் எடுத்திருந்தார்கள். விளக்குக்கு இருந்த 5 ஆம்பியர் ஃப்யூஸ் பம்ப் ஓடத் தொடங்கியதும் எரிந்திருக்க வேண்டும். அதன் இடத்தில் 30 ஆம்பியர் ஃப்யூஸைச் செருகியிருந்தார்கள். ஃப்யூஸ் காப்பாற்ற வேண்டியது முதலில் வயரைத்தான். அந்த மெல்லிய வயர் தீப்பிடித்தாலும் அந்த ஃப்யூஸ் அசைந்திருக்காது.

பம்ப் ஓடும்போது 7 ஆம்பியர் இழுத்தது. பேட்டரி முனையில் 12.5 வோல்ட், பம்ப் முனையில் 10.6. போக வர மொத்தம் 10 மீட்டர் நீளமுள்ள அந்த வயரில் ஏறத்தாழ 1.2 வோல்ட் விழும் என்று கணக்குப் போட்டால் வருகிறது, மீதி 0.7 வோல்ட் அந்த முறுக்கு இணைப்பில் கரைந்தது. 7 ஆம்பியரில் அது கிட்டத்தட்ட 5 வாட் சூடு, ஒரு விரற்கடை இடத்தில். மூடிய பலகைக்குள், வேலூர் வெயிலில். இரண்டு வாரம் தாங்கியதே பெரிது.

இதைவிட எனக்கு ஆறாதது பழைய பம்ப். இந்தப் பம்ப்புகளில் மோட்டாரைவிட அழுத்தத்தைப் பார்த்து நிறுத்தி ஓட்டும் பிரஷர் சுவிட்ச் முதலில் பழுதாவது உண்டு. சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு கணம் நேரடியாக இணைத்தால் மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தச் சோதனையை என் கண்முன் யாரும் செய்யவில்லை. பம்ப்பைத் திருப்பிக் கேட்டதற்குப் பழைய இரும்போடு போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றார் நண்பர். 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. ஆனால் என்னிடம் இருப்பது கடையின் பெயரோ கையெழுத்தோ இல்லாத துண்டுச் சீட்டு. ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஜி.எஸ்.டி. பில்லில் வயரின் அளவையும் ஃப்யூஸின் ஆம்பியரையும் எழுதி வாங்குங்கள், கழற்றிய பம்ப்பைக் கையோடு கேளுங்கள், பலகையை மூடும் முன் பக்கத்தில் நின்று வயரின் மேல் அச்சிட்ட அளவைப் படித்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே, பம்ப்பின் மேல் குறித்துள்ளபடி 10 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து, 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரைத் தனியாக இழுத்து, வயர் முனைகளில் லக் எனும் உலோக முனையைப் போட்டு அழுத்தியிருக்கிறோம். பம்ப் ஓடும்போது அதன் முனையில் 12 வோல்ட் நிற்கிறது.