நியூயார்க் சுதந்திரதேவி சிலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: எங்களை ஏற்றிய படகு தீவில் நிற்கவே இல்லை

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், லாங் வீக்கெண்டில் நியூயார்க் காட்டிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள், கிளம்புவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். போன லேபர் டே சனிக்கிழமை எங்கள் குடும்பத்துக்கு நடந்தது.

நான் ஒன்றும் ஊருக்குப் புதியவன் இல்லை. எட்டு வருஷமாக பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில், எடிசனில் குடியிருக்கிறேன். ஆனால் சிலைத் தீவில் அதுவரை கால் வைத்ததில்லை. பக்கத்துத் தெருக் கோயிலுக்கு நாம் என்றைக்கு ஒழுங்காகப் போயிருக்கிறோம்? அப்படித்தான் இதுவும். அப்பாவுக்கு அமெரிக்காவில் பார்க்க வேண்டியது என்று இருந்தது இந்த ஒன்றுதான். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வெளியே செப்புத் தகடு, உள்ளே இரும்புச் சட்டம், அந்தச் சட்டத்தைப் போட்டவர் ஈஃபிள் டவர் கட்டிய அதே ஈஃபிள் என்று கரூரில் நடைப்பயிற்சிக் கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். அடியில் நின்று போட்டோ அனுப்புவதாக வாக்கும் கொடுத்திருந்தார்.

டிக்கெட் முன்பதிவு செய்யாமல் போனது என் தப்பு. அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

எடிசனில் ரயில் ஏறி பென் ஸ்டேஷன், அங்கிருந்து 1-ஆம் நம்பர் சப்வேயில் கடைசி நிறுத்தமான சவுத் ஃபெர்ரி. படியேறி வெளியே வந்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை. மஞ்சள் பச்சையில் கண்ணைப் பறிக்கும் ஜாக்கெட், கழுத்தில் சிலைப் படம் போட்ட அடையாள அட்டை, கையில் கார்டு மெஷின். அம்மாவின் சேலையைப் பார்த்தவன் முதலில் "நமஸ்தே" என்றான். நாங்கள் பேசுவது காதில் விழுந்ததும் "ஓ, தமிழ்? வணக்கம் மம்மி!" என்றான். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாரு கண்ணு, இந்த ஊர்ல நம்ம பேச்சு தெரிஞ்சிருக்கு!" பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிட்டது.

அடுத்து அவன் கையை நீட்டித் தண்ணீர்க்கரை ஓரம் நின்ற நீண்ட வரிசையைக் காட்டினான். அரசாங்கப் படகுக்கு இன்றைக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டது, கிடைத்தாலும் மூன்று மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும், பெரியவர்களால் முடியுமா என்றான். அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கள் படகில் வரிசையே கிடையாது, நேராக ஏறலாம், சிலை, அதன் பக்கத்தில் அந்தக் காலக் குடியேறிகள் வந்து இறங்கிய எல்லிஸ் தீவு இரண்டும் சேர்த்து ஆளுக்கு 39 டாலர் என்றான். அவன் கையில் இருந்த அட்டையிலும் இரண்டு தீவும் பெரிய படமாக இருந்தன. தீவில் இறங்கலாமா என்று நான் கேட்கவே இல்லை. சிலை டிக்கெட் என்று ஒருவன் விற்றால் சிலைக்குத்தானே போவான் என்று நினைத்தேன்.

ஐந்து பேருக்கு 195. ஆறு வயது மகளுக்கும் முழு டிக்கெட். கார்டைத் தேய்த்த பிறகு பார்த்தால் பில்லில் 214 டாலர் 50 சென்ட். பிராசஸிங் ஃபீயாம்.

அப்புறம்தான் ஆட்டமே. படகு அங்கே இல்லை. ஒரு வேனில் ஏற்றி, கிழக்கு ஆற்றங்கரையில் வேறு ஏதோ ஒரு படகுத்துறைக்குக் கொண்டுபோனார்கள். வரிசையே கிடையாது என்றானே, அங்கே ஒரு மணி இருபது நிமிஷம் நின்றோம். அம்மா ஒரு சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து, பையிலிருந்த எலுமிச்சை சாதத்தைப் பேத்திக்கு ஊட்டி முடித்தார். படகு வரவில்லை.

ஒருவழியாக ஏறினோம். புரூக்ளின் பாலத்துக்கு அடியில் போனது, காற்று நன்றாக இருந்தது, அதுவரை யாருக்கும் சந்தேகமில்லை. சிலை பக்கத்தில் வந்ததும் படகு வேகம் குறைந்தது. அப்பா எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இறங்கும் வழி என்று அவராக முடிவு செய்த கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் நிறுத்தம் வருவதற்கு முன்னாலேயே எழுந்து படிக்கட்டில் நிற்கிற பழக்கம் அவருக்கு. கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்து செல்ஃபி எடுத்தது. பத்து நிமிஷம் இருக்கும். படகு மெதுவாக மூக்கைத் திருப்பியது. அப்பா அப்போதும் நகரவில்லை. கரையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நிறுத்துவார்கள் என்று நினைத்திருக்கிறார். சிலையின் முதுகு சின்னதாகிக்கொண்டே போனபோதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏப்பா, நிறுத்த மாட்டாங்களா?"

படகில் வேலை பார்த்த பையனிடம் போய்க் கேட்டேன். அவன் ஒன்றும் ஏமாற்றுக்காரன் இல்லை. டிக்கெட்டைத் திருப்பி, அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த ஒரு வரியைக் காட்டினான். இது சுற்றிப் பார்க்கும் படகு, தீவில் நிற்காது. ஒவ்வொரு நடையிலும் யாராவது இதைத்தான் கேட்கிறார்கள் என்றான். திரும்பிப் போய்த் தேடினால் வணக்கம்காரனைக் காணோம். அதே நிற ஜாக்கெட்டில் நின்ற இன்னொருவன், அது வேறு கம்பெனி என்று கையை விரித்துவிட்டான்.

கார்டு பேங்கில் புகார் கொடுத்தேன். முதலில் தற்காலிகமாகப் பணத்தைத் திருப்பிப் போட்டார்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்துவிட்டார்கள். நான் கையெழுத்துப் போட்ட ரசீதையும் அந்த எறும்பு வரியையும் கம்பெனி அனுப்பியிருக்கிறது. அவன் வாயால் சொன்னதற்கு என்னிடம் என்ன சாட்சி? கையில் வைத்திருந்த அட்டையையாவது ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

இப்போது நான் பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சிலை நிற்கும் லிபர்ட்டி தீவிலும் எல்லிஸ் தீவிலும் பொதுமக்களை இறக்க, அந்தத் தீவுகளை நிர்வகிக்கும் அரசுத் துறையான நேஷனல் பார்க் சர்வீஸ் அனுமதித்திருப்பது ஒரே நிறுவனத்தைத்தான். ஸ்டாச்சூ சிட்டி குரூசஸ் என்று பெயர். அவர்கள் இணையதளத்தில் வாங்கலாம். நேரில் என்றால் பேட்டரி பார்க்குக்குள் காசில் கிளின்டன் என்று வட்டமாக ஒரு பழைய கல் கோட்டை இருக்கிறது, கவுண்ட்டர் அதற்குள். பெரியவர்களுக்கு 25 டாலர் சுமாருக்கு இரண்டு தீவும், கேட்டுக்கொண்டே நடக்க ஆடியோ கருவியும் சேர்த்து. நான் நின்று ஏமாந்த இடத்திலிருந்து அந்தக் கோட்டை சில நிமிஷ நடைதான்! தெருவில் ஜாக்கெட் போட்டு நிற்கிற யாரும் அவர்கள் ஆள் இல்லை. அவன் கைகாட்டிய நீண்ட வரிசை டிக்கெட் வரிசையே இல்லை. டிக்கெட் வாங்கியவர்கள் படகு ஏறுவதற்கு முன் நிற்கும் பாதுகாப்புச் சோதனை வரிசை, ஏர்போர்ட் மாதிரி. அதைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள்.

தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் இரண்டு நாளும் தீவு மூடியிருக்கும். அன்றைக்கு ஒருவன் இறங்கலாம் என்று டிக்கெட் நீட்டினால் யோசிக்கவே வேண்டாம்.

தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்றால் அதற்கும் காசு செலவழிக்க வேண்டியதில்லை. அதே சவுத் ஃபெர்ரி பக்கம் இருக்கும் வொயிட்ஹால் முனையத்தில் ஆரஞ்சு நிற ஸ்டேட்டன் ஐலண்டு ஃபெர்ரி நிற்கும். 1997 முதல் கட்டணமே கிடையாது, ராத்திரி பகல் ஓடுகிறது, 25 நிமிஷப் பயணம். போகும்போது வலது பக்கம் நில்லுங்கள், சிலை நன்றாகத் தெரியும். அக்கரையில் எல்லாரும் இறங்கி மறுபடி ஏற வேண்டும், அவ்வளவுதான். இந்த ஓசிப் படகுக்கே டிக்கெட் என்று சொல்லிக் காசு வாங்கிய ஆட்களைப் போலீஸ் பிடித்த கதையெல்லாம் உண்டு. (அன்றைக்குச் சாயங்காலம் டைம்ஸ் ஸ்கொயரில் பொம்மை வேஷக்காரர்கள் நாலு பேர் மகளைக் கட்டிப்பிடித்து போட்டோவுக்கு நின்றுவிட்டு ஆளுக்கு 10 டாலர் கேட்டது தனிக் கதை. அதை விடுங்கள்.)

நியூஜெர்சிக்காரர்களுக்கு இன்னொன்று. நாம் மன்ஹாட்டனுக்கே போக வேண்டியதில்லை. ஜெர்சி சிட்டியில் லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கிலிருந்து அதே நிறுவனத்தின் படகு போகிறது. காரை நிறுத்திவிட்டு ஏறலாம். அங்கே இருக்கும் பழைய ரயில் நிலையத்தையும் பாருங்கள், எல்லிஸ் தீவில் வந்து இறங்கிய குடியேறிகள் நாட்டின் உள்பக்கம் போக ரயில் ஏறிய இடம் அது. திரும்பும்போது மட்டும் எந்தக் கரைக்குப் போகிற படகு என்று பார்த்து ஏறுங்கள், இல்லையென்றால் கார் ஜெர்சியில், நீங்கள் மன்ஹாட்டனில்.

மூன்று வாரம் கழித்து அப்படித்தான் போனோம், இந்த முறை முன்பதிவோடு. கிரீடம் வரை ஏறும் டிக்கெட் கிடைக்கவில்லை, அதற்கு ரொம்ப முன்கூட்டியே பதிய வேண்டும். கிடைத்திருந்தாலும் பீடத்துக்கு மேல் 162 படி, லிஃப்ட் இல்லை, அம்மாவால் முடியாது. கார் நிறுத்துமிடத்தில் இறங்கியதுமே அம்மா சுற்றும் முற்றும் பார்த்து, "அந்த வணக்கம் பையன் இங்கயும் வருவானா?" என்றார். வரவில்லை.

தீவில் அப்பா அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தகட்டின் கனம் இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை என்று ஆடியோ கருவியில் கேட்டதை எங்களுக்குத் திருப்பிச் சொன்னார். பச்சை நிறம் பெயிண்ட் இல்லை, செம்பில் ஏறின களிம்பு என்று மகளுக்கு விளக்கினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அடடா, ஒரு மூட்டை புளி இருந்தா பளிச்சுனு தேச்சுடலாமே" என்றார்.