சைடு ஏர்பேக் விளக்கு அணையவில்லையா? கோட் அழிப்பதா, ரெசிஸ்டர் வைத்துத் தேடுவதா, ஹாஃப்-கட் வாங்குவதா?

கோலாலம்பூர் செந்தூலில் கார் வயரிங் வேலை பார்க்கிறேன். மழைக்காலம் வந்தால் ஒரு கோரிக்கையும் கூடவே வந்துவிடும்: "அண்ணே, ஏர்பேக் விளக்கு எரியுது. கம்ப்யூட்டர்ல போட்டு அழிச்சு விட்டுருங்க, போதும்." சாவியைத் திருப்பியதும் சில வினாடி எரிந்து அணைய வேண்டிய விளக்கு அணையவில்லை என்றால், பல கார்களில் ஏர்பேக் முழுவதுமோ ஒரு பகுதியோ வேலை செய்யாது. அதனால் கோளாறுக் குறியீட்டை (code, கோடு) அழித்துவிடுவது போதாது. அப்புறம் எது போதும்?

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சைடு ஏர்பேக் பெரும்பாலும் சீட்டின் சாய்மானத்தில், கதவுப் பக்க ஓரத்தில் இருக்கும். அதன் வயர் சீட்டுக்குக் கீழே இறங்கி, ஒரு மஞ்சள் கனெக்டரில் காரின் வயரிங்கோடு சேரும். சீட் முன்னும் பின்னும் போகும்போதெல்லாம் அந்த வயரும் இழுபடும். குடை, தண்ணீர் பாட்டில், வாக்குவம் குழாய் எல்லாம் இடிப்பதும் அங்கேதான். கோலாலம்பூரில் திடீர் வெள்ளம் வந்தால் தண்ணீர் முதலில் தொடுவதும் அந்தக் கம்பளத்தைத்தான். 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நான் பார்த்த கார்களில், மேலே காய்ந்திருந்தாலும் கம்பளத்துக்கு அடியில் இருந்த பஞ்சு வாரக்கணக்கில் ஈரமாகவே கிடந்தது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஆன்லைனில் வாங்கும் மலிவு ப்ளூடூத் டோங்கிளும் போன் ஆப்பும் இதற்குப் பெரும்பாலும் உதவாது. அவை இன்ஜின் கோடுகளைப் படிக்கத்தான் வந்தவை. ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான மாட்யூலோடு பேச எஸ்ஆர்எஸ் (ஏர்பேக் அமைப்பு) வசதி உள்ள ஸ்கேனர் வேண்டும். அப்படிப்பட்ட ஸ்கேனர் இருந்தும் அழிக்க மட்டும் பயன்படுத்தினால், அடுத்த முறை சாவி போட்டதும் மாட்யூல் மறுபடி சோதித்து அதே விளக்கை எரியவிடும். ஸ்கேனரின் உண்மையான பயன் படிப்பதில் இருக்கிறது. B0020 என்றால் இடப்பக்க சைடு ஏர்பேக், B0028 என்றால் வலப்பக்கம். நம் ஊரில் இடப்பக்கம் என்றால் பயணி சீட், மறந்துவிடாதீர்கள். கோடு தலைப்போடு நின்றுவிடாமல், வயர் அறுந்ததா, ஷார்ட்டா, ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) கூடியதா என்பதையும் பாருங்கள். இப்போது இருக்கும் கோளாறா, பழைய பதிவா என்பதையும் பாருங்கள். இந்த இரண்டையும் எழுதிக்கொள்ளாமல் அழிப்பவர் தடயத்தையே துடைத்துவிடுகிறார்.

இதற்கு அடுத்தது நான் செய்யும் முறை. மாட்யூல் ஒரு மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி ஏர்பேக் சர்க்யூட்டின் ரெசிஸ்டன்ஸைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலான கார்களில் அது 2 ஓம் அளவில் இருக்க வேண்டும். இவ்வளவு குறைந்த அளவில், கனெக்டரின் பின்னில் (pin) லேசாகப் பச்சைத் துரு பிடித்தாலே போதும், ரெசிஸ்டன்ஸ் ஏறி விளக்கு எரியலாம். ஆகவே பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருக்கிறேன். சிலவற்றில் 90 வினாடி, சிலவற்றில் மூன்று நிமிடமோ அதற்கு மேலோ. பிறகு சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டரைப் பிரித்து, மாட்யூல் பக்கத்தில் ஏர்பேக்குக்குப் பதிலாக சிவப்பு, சிவப்பு, தங்க நிறக் கோடு போட்ட 2.2 ஓம் ரெசிஸ்டரைச் செருகுகிறேன். பேட்டரியை மாட்டி, கோடை அழித்து, மறுபடி படித்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். கோடு வராவிட்டால் கோளாறு சீட் பக்கம். வந்தால் காரின் வயரிங் பக்கம், அல்லது மாட்யூலில். ரெசிஸ்டர் இருக்கும்போதே சீட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தால் வந்து வந்து போகும் கோளாறும் அகப்படும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஏர்பேக்கின் பின்களில் மல்டிமீட்டர் வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கலாம். மேலும் பல கார்களில் கனெக்டரைப் பிரித்ததும் உள்ளே ஒரு சிறு உலோகப் பட்டை ஏர்பேக் பக்கத்து இரண்டு பின்களையும் ஒன்றாக்கிவிடும். நிலைமின்சாரத்தால் வெடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. இதை அறியாதவர் மீட்டர் வைத்து ஷார்ட் என்று முடிவு கட்டிவிடுவார்.

ஒரு அக்கா கெப்போங்கிலிருந்து வந்தார். வேறொரு கடையில் இடப்பக்க ஏர்பேக்கையே மாற்றச் சொல்லியிருந்தார்களாம். ரெசிஸ்டர் வைத்ததும் கோடு போனது. கனெக்டரின் சீட் பக்கத்தைத் திருப்பி டார்ச் அடித்தால் ஒரு பின்னின் அடியில் கடுகளவு பச்சைப் பொடி. சுத்தம் செய்து, தளர்ந்திருந்த பின்னை இறுக்கி, காற்றில் காயவிட்டு மாட்டினேன். விளக்கு அணைந்தது.

இதே ரெசிஸ்டரை நிரந்தரமாக விட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதை நான் குற்றமாகவே பார்க்கிறேன். பழைய கார் வாங்கிய ஒரு குடும்பம் சீட் உறை மாற்றக் கொண்டுவந்தபோது, கறுப்பு டேப்பைப் பிரித்தால் உள்ளே அதே மூன்று கோடுகள். மாட்யூல் எல்லாம் நலம் என்று நம்பிக்கொண்டிருக்க, சீட்டில் ஏர்பேக் இணைப்பே இல்லை. அந்த சீட்டில் உட்கார்ந்து வந்தது அவர்களின் மகள்.

ஹாஃப்-கட் கடையில், அதாவது பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடையில், கிடைக்கும் பழைய ஏர்பேக்கும் எனக்கு வேண்டாம். விலை ஈர்க்கும்தான். ஆனால் அது வெள்ளத்தில் நனைந்ததா, எத்தனை வருடம் வெயிலில் கிடந்தது என்று யார் சொல்வார்? வெப்பமும் ஈரமும் ஏர்பேக்கை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டரின் வெடிமருந்தை எவ்வளவு கெடுக்கும் என்பதைத் தக்காத்தா நிறுவன ஏர்பேக் விவகாரத்தில் மலேசியாவும் பார்த்துவிட்டது.

கோளாறு ஏர்பேக்கின் உள்ளேயே என்று தெரிந்தாலும், மாட்யூல் தன்னைத்தானே குற்றம் சொன்னாலும், கார் ஒரு முறை மோதியிருந்தாலும் நான் சேவை மையத்துக்கே அனுப்பிவிடுவேன். அங்கே கூலி அதிகம்தான், வயரிங்கை முழுதாகவே மாற்றச் சொல்லவும் கூடும். ஆனால் புதிய பாகமும் அதற்கான கோடிங்கும் அங்கே நம்பகமாகக் கிடைக்கும். போகும்போது கோடின் முழு விவரத்தையும் ரெசிஸ்டர் சோதனை காட்டியதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வாங்கிக்கொண்டு போங்கள், தேடும் நேரத்துக்கு இரண்டு முறை காசு கொடுக்க வேண்டியிருக்காது.