மூன்று சர்வரையும் ஒரே வண்டியில் ஏற்றலாமா?

கும்பகோணம் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய வீட்டின் மாடியில்தான் எங்கள் சர்வர் அறை இருந்தது. மூன்று சர்வர், இரண்டு நெட்வொர்க் ஸ்விட்ச், ஒரு யூபிஎஸ். பெரிய ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயம். ஆனால் பாபநாசத்திலிருந்து நன்னிலம் வரை அரிசி ஆலை, உரக்கடை, பாத்திரக்கடை என்று பல பேருடைய பில்லும் கணக்கும் சரக்கிருப்பும் இதில்தான் ஓடுகின்றன. போன மே மாதம் இதைத் தாராசுரம் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாற்றினோம். தூரம் 5 கிலோமீட்டர் இருக்கும். அந்த 5 கிலோமீட்டரை எப்படிக் கடப்பது என்று முடிவு செய்யவே இரண்டு மாதம் ஆனது.

எங்கள் முன்னால் உருப்படியாக இருந்தவை இரண்டு வழிகள். சனிக்கிழமை இரவு எல்லாவற்றையும் நிறுத்தி, குட்டியானையில் ஏற்றி, ஞாயிறு மாலைக்குள் புது இடத்தில் ஓடவிடுவது ஒன்று. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஃபைபர் இணைப்பு எடுத்து, வேலை நிற்காமல் ஒவ்வொரு சர்வராகக் கொண்டுபோவது இன்னொன்று. நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். மறுபடி மாற்ற வேண்டி வந்தாலும் அதையேதான் செய்வேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேறு யோசனைகளும் வந்தன. புது இடத்தில் வாடகைக்கு இன்னொரு செட் சர்வர் வைத்து, தரவை நகலெடுத்து, ஒரு நாள் அங்கே மாறிக்கொள்வது. பணம் இருப்பவர்களுக்கு அதுதான் நிம்மதியான வழியாகப் படுகிறது. நான் செய்து பார்த்ததில்லை என்பதால் அதற்கு மேல் பேச எனக்குத் தகுதியில்லை. சென்னையில் ஒரு டேட்டா சென்டருக்கே மொத்தமாகப் போய்விடலாமே என்றும் கேட்டார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு டெல்டாவில் பல நாள் கரண்டும் நெட்டும் இல்லாமல் கிடந்ததைப் பார்த்தவன் நான். ஜெனரேட்டர் போட்டு உள்ளூரிலேயே கணக்கு பார்க்க முடிவது எங்கள் வாடிக்கையாளர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

எந்த வழியானாலும் தேதியை முதலில் முடிவு செய்யுங்கள். மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாட்கள். அதற்கு முன்னால் எங்கள் சர்வரைத் தொட்டால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர் திறந்தால் குறுவை வேலை சூடுபிடிக்கும், உரக்கடைகளில் கூட்டம் சேரும். அக்டோபருக்கு மேல் மழை. ஆக எங்களுக்குக் கிடைத்தது மே 21க்குப் பிந்தைய பத்து நாள். அந்த நாட்களில் இரண்டு இடத்திலும் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் வருகிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். இரண்டு கட்டடமும் வெவ்வேறு துணை மின்நிலையத்தில் வருவதால் தேதிகளும் வேறு வேறாக இருந்தன.

சரி, ஒரே ராத்திரியில் மாற்றும் வழி. அதன் பலம் அதன் எளிமைதான். எல்லாம் நின்றிருக்கும், எதுவும் பாதியில் இருக்காது. மன்னார்குடியில் என் நண்பர் ஒருவர் அப்படித்தான் மாற்றினார். சனி இரவு 9 மணிக்கு நிறுத்தி, ஞாயிறு மதியம் ஓடவிட்டுவிட்டார், ஒரு குறையும் இல்லை. செலவும் குறைவு: வண்டி வாடகை, நாலு பேர் கூலி, அவ்வளவுதான். எங்களுக்கும் முதலில் அதுதான் சரியென்று பட்டது. கூட வேலை பார்க்கும் தம்பி ஒரு கேள்வி கேட்டான்: "அண்ணே, மூணு காப்பியும் ஒரே வண்டியில போனா, அது மூணு காப்பியா, ஒரு காப்பியா?" அந்தக் கேள்விதான் எங்கள் முடிவை மாற்றியது.

எங்களிடம் இருப்பது ப்ராக்ஸ்மாக்ஸ்; ஒரு சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள் (மெஷின் என்று நான் சொல்வது இவற்றைத்தான்). அதற்குள் சேமிப்புக்கு செஃப்; தரவை எல்லா சர்வரின் டிஸ்க்கிலும் பகிர்ந்து வைக்கும் மென்பொருள். ஒவ்வொரு தரவுத் துண்டும் மூன்று பிரதியாக, சர்வருக்கு ஒன்றாக இருக்கும். ஒரு சர்வர் விழுந்தால் மற்ற இரண்டும் தாங்கும். இந்தப் பாதுகாப்பு முழுவதும், மூன்றும் ஒரே நேரத்தில் அடிபடாது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. மூன்றையும் ஒரே இரவில் நிறுத்தி, ஒரே பள்ளத்தில் குலுக்கி, ஒரே காலையில் முடுக்கினால் அந்த நம்பிக்கை போய்விடுகிறது.

குலுங்குவதைவிட எனக்குப் பெரிய பயம், நிறுத்துவதுதான். எங்கள் சர்வர் ஒவ்வொன்றிலும் 4 ஹார்டு டிஸ்க், மொத்தம் 12. எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை, ஐந்து வருடமாக நிற்காமல் சுழன்றவை. இப்படி ஓடிக்கொண்டே இருக்கும் டிஸ்க், ஓடும்வரை ஓடும். நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி கரண்ட் கொடுக்கும்போதுதான் தேய்ந்த பேரிங்கும் களைத்த மோட்டாரும் சிலவற்றில் கைவிரிக்கும். பம்ப் செட் மோட்டாரை வருடக்கணக்கில் ஓட்டிய விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எங்களுக்கு நடந்ததும் அதுதான். முதல் சர்வரைக் கொண்டுபோய் முடுக்கியபோது 4 டிஸ்க்கில் ஒன்று எழவில்லை. அதிலிருந்தவற்றை செஃப் மற்ற சர்வர்களிலிருந்து எடுத்து, அதே சர்வரின் மீதி மூன்று டிஸ்க்கில் ஒரே இரவில் எழுதிக்கொண்டது. காலையில் எல்லாம் பச்சை. அதன் பிறகுதான் இரண்டாவது சர்வரை நிறுத்தினோம். அதில் இரண்டு டிஸ்க் எழவில்லை. மறுபடியும் அதே கதை, காத்திருந்தோம், சரியானது. கடைக்காரர்கள் யாருக்கும் எதுவும் தெரியாது; ஞாயிறும் திங்களும் பில் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இதே மூன்று டிஸ்க்கும் ஒரே ராத்திரி மாற்றத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் சர்வரில் நாலில் ஒரு பங்கு, இரண்டாவதில் பாதி. இரண்டும் சேர்ந்து அடிபடும் தரவு சுமார் எட்டில் ஒரு பங்கு. அந்தப் பங்குக்கு மூன்றாவது சர்வரில் மட்டும் ஒரே ஒரு பிரதி மிஞ்சியிருக்கும். குறைந்தது இரண்டு பிரதி இருந்தால்தான் செஃப் வாசிக்கவோ எழுதவோ விடும். நாங்கள் அப்படித்தான் அமைத்திருக்கிறோம், பொதுவாக எல்லோரும் அப்படித்தான் அமைப்பார்கள். எட்டில் ஒன்றுதானே என்று விட முடியாது. ஒரு மெய்நிகர் கணினியின் டிஸ்க்கை செஃப் 4 எம்பி துண்டுகளாக்கி எல்லா இடத்திலும் தூவி வைக்கிறது. அதனால் ஏறக்குறைய எல்லா மெஷினும் எங்கேயாவது ஒரு துண்டில் முட்டி நின்றிருக்கும். இரண்டாவது பிரதி எழுதி முடியும்வரை யாருக்கும் பில் கிடையாது. அந்த நேரத்தில் மூன்றாவது சர்வரிலும் ஒரு டிஸ்க் போயிருந்தால், பேக்கப்பிலிருந்து மீட்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

ஒவ்வொன்றாகப் போவதற்கு எளிமை இல்லைதான், ஆனால் திரும்பி வர வழி எப்போதும் திறந்திருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே மற்ற எல்லாச் சிரமத்தையும் ஏற்றுக்கொண்டேன்.

சிரமங்களையும் சொல்ல வேண்டும். முதலாவது ஃபைபர். சாதாரண பிராட்பேண்டில் விபிஎன் போட்டு இரண்டு கட்டடத்தை இணைத்தால் இது நடக்காது. செஃப் ஒவ்வொரு பதிவையும் எல்லாப் பிரதிகளிலும் எழுதி முடித்த பிறகுதான் முடிந்தது என்று சொல்லும். சர்வர்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் கோரோசிங்க் என்ற பகுதிக்கும் தாமதம் 5 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு உள்ளூர் இணைய ஆபரேட்டர் ஒருவர், தன் தடத்தில் சும்மா கிடந்த இழை ஜோடி ஒன்றை இரண்டு மாத வாடகைக்குத் தந்தார். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட் எடுக்கும். 5 கிலோமீட்டர் போய்வர 50 மைக்ரோசெகண்ட். அது ஒரு பொருட்டே இல்லை. இரு முனையிலும், இழையை ஸ்விட்சோடு இணைக்க, 10 கிலோமீட்டர் வரை போகும் 10ஜி எல்ஆர் மாட்யூல். இப்படி ஒரு இழை ஜோடி உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால், இந்த வழியை மறந்துவிடுவது நல்லது.

இரண்டாவது, நடுவில் இழை அறுந்தால்? அறுந்தது. முதல் சர்வர் போன மூன்றாம் நாள் இரவு, தஞ்சாவூர் ரோட்டில் வைக்கோல் லாரி ஒன்று கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்றில் இரண்டு இருக்கும் பக்கம்தான் பெரும்பான்மை; அந்தப் பக்கம் மட்டும்தான் தொடர்ந்து ஓடும். தனியாக நிற்கும் சர்வர் தானே ஒதுங்கிக்கொள்ளும். அதனால் எல்லா மெஷினையும் பெரும்பான்மைப் பக்கத்திலேயே வைத்திருந்தோம். அன்றிரவு புதுக் கட்டடத்தில் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றுமே இல்லை, அதனால் நின்றதும் ஒன்றுமே இல்லை. இரண்டாவது சர்வர் போன பிறகு பெரும்பான்மை புது இடத்துக்கு மாறியது. அன்றே எல்லா மெஷினையும், ஓடும்போதே, அங்கே தள்ளிவிட்டோம்.

மூன்றாவதுதான் உண்மையான பலவீனம். ஒரு சர்வர் வண்டியில் இருக்கும் நேரத்தில் மிச்சம் இரண்டு பிரதிதான். அந்தச் சில மணி நேரத்தில் ஓடுகிற பக்கம் ஒரு டிஸ்க் போனாலும் மெஷின்கள் நிற்கும். அதற்கு மாற்று இல்லை; நேரத்தைச் சுருக்கலாம், அவ்வளவுதான். நிறுத்துவதற்கு முன் முழு பேக்கப் எடுத்து, அதிலிருந்து இரண்டு மெஷினை உண்மையிலேயே மீட்டு, ஒரு கடையின் நேற்றைய பில்லைத் திறந்து பார்த்த பிறகுதான் கை வைத்தோம். செஃப்புக்கு நோஅவுட் கொடி போட மறக்காதீர்கள். போடாவிட்டால் 10 நிமிடத்தில், போன டிஸ்க்குகளைக் கணக்கிலிருந்து நீக்கத் தொடங்கிவிடும். திரும்பி வந்ததும் கொடியை எடுத்துவிடவும் மறக்கக் கூடாது. டிஸ்க்கில் காலி இடமும் வேண்டும். எங்களுடையது 30 சதவீதம்தான் நிரம்பியிருந்தது. அதனால்தான் பாதி டிஸ்க் போன சர்வரும் தன் பங்கைத் தாங்கியது.

இணைய முகவரி விஷயத்தில் இந்த வழி கொடுக்கும் வசதி நான் எதிர்பார்க்காதது. பழைய கட்டடத்தின் நெட் லைனை கடைசிவரை வைத்துக்கொண்டோம். மெஷின்கள் புது இடத்தில் ஓடினாலும் ஃபைபர் வழியே பழைய லைனில் வெளியே போய்வந்தன. டிஎன்எஸ் (பெயரை வைத்து இணைய முகவரியைச் சொல்லும் அமைப்பு) தரும் பதிலை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் காலத்தை 300 வினாடிக்குக் குறைத்து, ஒரு வாரம் கழித்து நிதானமாகப் புது லைனுக்கு மாறினோம். ஒரே ராத்திரியில் மாற்றுபவருக்கு சர்வர், கரண்ட், நெட் மூன்றும் அதே காலையில் சரியாக வர வேண்டும்.

தூக்கிப் போவது பற்றி இரண்டு வார்த்தை. பழைய வீட்டு மாடிப்படி செங்குத்தான தேக்குப் படி. ஒரு சர்வர் 25 கிலோவுக்கு மேல். டிஸ்க்குகளைக் கழற்றி, எந்த இடத்தில் இருந்தது என்று எண் ஒட்டி, ஆன்டிஸ்டாட்டிக் உறையில் போட்டுத் தனிப்பெட்டியில் வைத்தோம். குட்டியானை வேண்டாம் என்று சொல்லி, காரின் பின்சீட்டில் இலவம்பஞ்சு மெத்தை விரித்து அதன்மேல் சர்வர், டிஸ்க் பெட்டி என் மடியில். புது இடத்தில் உடனே கரண்ட் கொடுக்காதீர்கள். ஏசி அறையில் குளிர்ந்த இரும்பு நம் ஊர் ஈரக்காற்றில் வியர்க்கும். இரண்டு மணி நேரம் சும்மா வைத்தோம். ஒவ்வொன்றாகப் போகும்போது இப்படிக் காத்திருக்கப் பொறுமை வரும். ஞாயிறு மதியம் பத்து பேர் போன் செய்துகொண்டிருந்தால் வராது.

உங்களிடம் இருப்பது ஒரே சர்வர் என்றால் இந்தப் பேச்சே தேவையில்லை. நல்ல பேக்கப் எடுத்து, நிறுத்தி, கொண்டுபோங்கள். எல்லாம் எஸ்எஸ்டி, வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை என்றாலும் ஒரே ராத்திரி வழியைக் குறை சொல்ல மாட்டேன். சுழலும் பாகமே இல்லாதபோது என் பெரிய பயம் அங்கே பொருந்தாது. மன்னார்குடி நண்பருடையது அப்படிப்பட்டதுதான். பத்துப் பதினைந்து சர்வர் இருக்கும் இடத்தில் எது சரி என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது சர்வர் ஒரு டிஸ்க்கும் குறையாமல் எழுந்தது. எழாத மூன்றுக்கும் திருச்சியிலிருந்து புது டிஸ்க் வந்தது, மற்ற ஒன்பதையும் மாதத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். இரண்டு மாத வாடகைக்கு எடுத்த ஃபைபரைத் திருப்பித் தரவில்லை. மகாமகக் குளத்துப் பக்கத்து மாடியில் ஒரே ஒரு அறையை மட்டும் வைத்துக்கொண்டோம். பேக்கப் பெட்டி இப்போது அங்கே ஓடுகிறது, வேறு கட்டடத்தில், வேறு மின்நிலையத்தில்.