பெட்டி யார் பொறுப்பு? மலிவு விமானத்தில் மாறிப் போகும் சேவை: புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ஒரு மதிப்பீடு

சென்னை–கோலாலம்பூர்–மெல்போர்ன் என்று தேடினால் ஒரே பாதைக்கு இரண்டு விலை வரும். ஒன்று ஏர் ஏசியாவே முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக விற்கும் ‘ஃப்ளை-த்ரூ’. மற்றது, ஏதோ ஒரு டிக்கெட் தளம் இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒட்டவைத்து விற்பது. ஒட்டவைத்தது சில சமயம் சில ஆயிரம் ரூபாய் குறைவாக இருக்கும். தோள்பையோடு போகிற பையனுக்கு அது லாபம். மகள் பிரசவத்துக்கு முப்பது கிலோ கட்டிக்கொண்டு போகிற அம்மாவுக்கு அதே டிக்கெட் வம்பு. இரண்டு பேரும் வாங்குவது ஒரே பயணம் போலத் தெரிந்தாலும் ஒரே சரக்கு இல்லை.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பணம் கட்டும் முன் ஒரு நிமிடம் போதும். முழுப் பயணத்துக்கும் பி.என்.ஆர். எண் ஒன்றா, இரண்டா? ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்று சின்ன எழுத்தில் எங்காவது இருக்கிறதா? இருந்தால், நடுவழியில் பெட்டியை எடுத்து மறுபடி போடுவது உங்கள் வேலை. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் நஷ்டம் உங்களுடையதே. இரண்டாவது விமான நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான்.

ஃப்ளை-த்ரூவில் சென்னை கவுன்டரில் போட்ட பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகும். கோலாலம்பூரில் இமிகிரேஷன் வரிசை கிடையாது, மலேசிய நுழைவுப் படிவமும் தேவையில்லை. எவ்வளவு இடைவெளி இருந்தால் மாற முடியும் என்று கணக்குப் பார்த்துத்தான் அவர்களின் தளம் இணைப்பையே காட்டுகிறது. முதல் விமானம் தாமதமானால் அடுத்து இடம் இருக்கும் விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. மலிவு விமானத்தில் காசு கொடுத்து வாங்கத் தகுந்த ஒரே ஆடம்பரம் இதுதான். சீட்டும் சாப்பாடும் அப்புறம்.

இதிலும் கோட்டை விடுகிற இடம் உண்டு, அது சென்னை கவுன்டர். பெட்டியில் ஒட்டும் டேக்கைப் படிக்காமல் நகரக் கூடாது. மெல்போர்ன் போகிறவருக்கு எம்.இ.எல். என்ற மூன்றெழுத்து கடைசி ஊராகவும், கே.யு.எல். வழியில் வருவதாகவும் இருக்க வேண்டும். கே.யு.எல். மட்டும் இருந்தால் பெட்டி கோலாலம்பூர் பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும், நீங்கள் மேலே டிரான்ஸ்ஃபர் ஹாலில் இருப்பீர்கள். அங்கேயே சொன்னால் டேக்கை மாற்றி அடிக்க இரண்டு நிமிடம். கன்வேயரில் போன பிறகு சொன்னால் அரை மணி. டேக்கின் ரசீதுத் துண்டில் உள்ள பத்து இலக்க எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். இரண்டு கட்டத்துக்கும் போர்டிங் பாஸ் கையில் வந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

கோலாலம்பூரில் ஏர் ஏசியா இறங்குவது டெர்மினல் 2. 2014-இல் திறந்தபோது அதற்கு கே.எல்.ஐ.ஏ.2 என்று பெயர். நடை அதிகம், முட்டி வலிக்காரர்கள் சக்கர நாற்காலியை முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது. ‘இன்டர்நேஷனல் டிரான்ஸ்ஃபர்’ பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கூட்டம் போகும் பக்கம் போனால் இமிகிரேஷனில் போய் நிற்பீர்கள். டிரான்ஸ்ஃபரில் மறுபடி கைப்பைச் சோதனை நடக்கும்; தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டுப் போங்கள்.

இனி இரண்டு டிக்கெட் கதை. கோலாலம்பூரில் அது முடியாத காரியமல்ல. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்.டி.ஏ.சி. என்னும் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் அரசுத் தளமல்ல. நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். இறங்கி நடக்க அரை மணி, இமிகிரேஷனில் கூட்டம் இருந்தால் ஒன்றரை மணி வரை, பெட்டி வர அரை மணி, சுங்கம் தாண்டி மாடியேற கால் மணி. அடுத்த விமானத்தின் கவுன்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். ஆக, விமானம் தாமதமாகாத நாளிலேயே ஏறக்குறைய நான்கு மணி நேரம் போய்விடும். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியில் இரண்டு டிக்கெட் வாங்குவது சூதாட்டம். ராத்திரி தங்கி மறுநாள் போவது புத்திசாலித்தனம். டெர்மினலை ஒட்டிய மாலிலேயே கேப்சூல் தங்கும் அறை உண்டு, நடந்து போகும் தூரத்தில் ட்யூன் ஹோட்டலும் இருக்கிறது.

பலர் கவனிக்காதது டெர்மினல் வேறுபாடு. மலேசியா ஏர்லைன்ஸ், பாட்டிக் ஏர் எல்லாம் டெர்மினல் 1. ஏர் ஏசியாவில் வந்து அதில் மாற வேண்டுமானால் நாட்டுக்குள் நுழைந்து, ரயில் பிடித்துத்தான் போக முடியும். ரயில் மூன்று நிமிடம், கட்டணம் 2 ரிங்கிட். உள்பக்கமாகவே நடந்து போகும் வழி இல்லை.

சிங்கப்பூரில் விளையாட்டே வேறு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா வேண்டும். ஸ்கூட் விமானத்தின் சென்னை–சிங்கப்பூர்–பெர்த் டிக்கெட்டை ஒரே புக்கிங்கில் வாங்கினால் பெட்டி தானாகப் போய்விடும், சாங்கி விமான நிலையத்தில் உள்ளேயே இருந்து மாறிக்கொள்ளலாம். அது அருமையான ஏற்பாடு. ஆனால் சிங்கப்பூர் வரை ஒரு நிறுவனம், அங்கிருந்து வேறு நிறுவனம் என்று தனித்தனியாக வாங்கிப் பெட்டியும் போட்டால், அந்தப் பெட்டியை எடுக்க இமிகிரேஷன் தாண்ட வேண்டும். விசா இல்லாமல் தாண்ட முடியாது. இதைக் கவனித்தால் சென்னை கவுன்டரிலேயே போர்டிங் பாஸ் தர மறுக்கவும் கூடும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருக்கிற இந்தியர்களுக்கு 96 மணி நேர விசா இல்லா இடைநிறுத்தச் சலுகை இருக்கிறது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு, தகுதியைப் படிக்காமல் அதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்று. வீட்டில் ஒருவருக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், மனைவிக்கு இந்தியப் பாஸ்போர்ட் என்றிருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. சிங்கப்பூரில் அவர் விசா இல்லாமல் வெளியே போய்ப் பெட்டியை எடுத்துவிடலாம், அவர் மனைவியால் முடியாது. பெட்டியை எல்லாம் கணவர் பேரில் போட்டால் போயிற்று என்று சிலர் நினைப்பதுண்டு. ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே என்று பிரிந்து நின்று அடுத்த செக்-இன்னைச் சமாளிப்பதைவிட, குடும்பத்தில் எந்தப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டுப்பாடு அதிகமோ அதை வைத்து வழியைத் தேர்ந்தெடுப்பதே சரி.

பாங்காக் வழியை ஒரு வரியில் சொல்லிவிடலாம். தாய் ஏர் ஏசியா இறங்குவது டான் முவாங், வேறு பல நிறுவனங்கள் கிளம்புவது சுவர்ணபூமி; இரண்டும் நகரின் வெவ்வேறு மூலைகள். அடுத்த டிக்கெட் காட்டினால் இலவசப் பேருந்து உண்டு, பாங்காக் நெரிசலுக்குத்தான் உத்தரவாதம் இல்லை.

எடை விஷயத்தில் ஏமாறுவது கைப்பையில்தான். ஏர் ஏசியாவில் பெரிய பையும் சின்னப் பையும் சேர்ந்து 7 கிலோ. ஸ்கூட்டில் 10 கிலோ. ஸ்கூட்டில் போய் ஏர் ஏசியாவில் மாறுகிறவர் சின்ன எண்ணுக்குத்தான் கட்ட வேண்டும். லேப்டாப்பும் சார்ஜரும் மட்டுமே இரண்டரை கிலோ சாப்பிட்டுவிடும் என்பதை மறக்காதீர்கள். செக்-இன் எடையைப் புக்கிங்கின்போதே வாங்குவது எப்போதும் மலிவு, கவுன்டரில் கிலோ கணக்கில் கட்டுவது வயிற்றெரிச்சல். 40 கிலோ வாங்கியிருந்தாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது, இரண்டாகப் பிரியுங்கள். இரண்டு டிக்கெட் என்றால் எடையையும் இரண்டு முறை வாங்க வேண்டும். முதலில் பார்த்த விலை வித்தியாசம் பெரும்பாலும் இங்கேயே கரைந்துவிடும்.

பெட்டிக்குள் போகிறதையும் பார்ப்போம். பவர் பேங்க் பெட்டியில் போகவே கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டாம்; 20,000 எம்.ஏ.எச். என்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி, தாராளம். ஸ்கூட்டில் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது அதை வைத்து போனுக்குச் சார்ஜ் போடவும் கூடாது. கொப்பரை என்பது எண்ணெய்ப் பசை உள்ள, தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்பதால் பெட்டியைத் திறக்க வைப்பார்கள். ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் சென்னையிலேயே போய்விடும். பண்ருட்டி முந்திரியைக் கடையின் சீல் பிரிக்காத பாக்கெட்டாக வைப்பது நல்லது. கடலூர் முதுநகர்க் கருவாட்டை இரண்டு டப்பா, மூன்று கவர் போட்டாலும் மணம் காட்டிக்கொடுக்கும். ஆஸ்திரேலியாவில் உணவு எதுவானாலும் வருகை அட்டையில் ‘ஆம்’ என்று குறிக்க வேண்டும். சொன்னால் அதிகபட்சம் பொருள் போகும், மறைத்தால் அபராதம்.

புதுச்சேரிச் சரக்கு பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். 24 முதல் 70 சதவீத மதுவுக்கு விமான விதியில் செக்-இன் பெட்டியில் தலைக்கு 5 லிட்டர் வரை இடமுண்டு. ஆனால் விமானம் ஏறுமுன் கோட்டக்குப்பம் பக்கம் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சோதனையைத் தாண்ட வேண்டும், இறங்கும் நாட்டின் சுங்க வரம்பு வேறு. விட்டுவிடுவது உத்தமம்.

பெயர் விஷயம் சிறியதாகத் தெரியும், கவுன்டரில் பெரிதாகும். நம்மவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பது சகஜம். அப்படியானால் என்ன எழுதுவது என்று ஒவ்வொரு தளமும் ஒரு விதி வைத்திருக்கும். சில தளங்கள் அதே பெயரை இரண்டு முறை எழுதச் சொல்லும். ஏஜென்ட் தன் வசதிக்கு இனிஷியலை விரித்து எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னை போய்ச் சேரும் வழி. புதுச்சேரியிலிருந்து விமான நிலையம் சுமார் 150 கி.மீ., காரில் மூன்றிலிருந்து மூன்றரை மணி. திண்டிவனம் வழிப் பேருந்தில் வருபவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கி, பெட்டியோடு மாநகரப் பேருந்து பிடிக்க வேண்டியிருக்கும். ஒரு பெட்டிக்கு மேல் இருந்தால், பேருந்தில் வந்து மிச்சம் பிடிக்கும் காசில் அர்த்தமில்லை. ரயில்காரர்களுக்குத் தாம்பரத்தில் மாறி திரிசூலம். எதிரிலேயே விமான நிலையம். கடலூர்க்காரர்கள் திருச்சியையும் ஒரு கண் பாருங்கள். தூரம் ஏறக்குறைய அதேதான், அங்கிருந்தும் ஏர் ஏசியா, ஸ்கூட் இரண்டும் பறக்கின்றன, புது முனையத்தில் வரிசையும் சென்னை அளவுக்கு இருக்காது.

கடைசி ஊரில் பெட்டி வரவில்லை என்றால் வாசலைத் தாண்டும் முன்பே பேக்கேஜ் கவுன்டரில் பி.ஐ.ஆர். என்னும் புகார்ப் படிவம் வாங்குங்கள். போனில் எடுத்த அந்த டேக் எண் இங்கேதான் வேண்டும். உடைந்திருந்தால் எழுத்துப் புகாருக்கு 7 நாள். தாமதமாக வந்தால், பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 21 நாள். விமானப் பயண இழப்பீட்டுக்கான சர்வதேச மான்ட்ரியல் ஒப்பந்தப்படி பெட்டி வகையில் ஒரு பயணிக்கு இழப்பீட்டின் உச்ச வரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு); சுமார் இரண்டாயிரம் அமெரிக்க டாலர். ஃப்ளை-த்ரூ என்றால் கேட்க வேண்டியது ஒரு நிறுவனத்தை. இரண்டு டிக்கெட் என்றால் பெட்டி எந்தக் கட்டத்தில் உடைந்தது என்பதிலிருந்து வாக்குவாதம் தொடங்கும். அதனால் நடுவில் பெல்ட்டிலிருந்து எடுத்ததும் நான்கு பக்கமும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.