கார் நாய்க்கூண்டுக்கு மரத்தளம்: 710 பிளைவுட்டும் வாட்டர் பி.யூ.வும் எப்படி?

எங்கள் வேகன் ஆரில் பின்சீட்டை மடக்கினாலும் தரை சமமாக வராது. டிக்கித் தரைக்கும் மடங்கிய சீட்டின் முதுகுக்கும் நடுவில் ஒரு படி நிற்கும். 36 இஞ்ச் கம்பிக்கூண்டை அதன்மேல் வைத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் கடகடவென்று ஆடும். உள்ளே கருப்பி, 18 கிலோ நாட்டு நாய். நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் வாந்தி எடுத்துவிடுவாள். அதனால்தான் சட்டம் அடித்துச் சமதளமாக ஒரு பலகை செய்தோம்.

பிளைவுட் 12 மி.மீ. போதும். கடையில் 18 மி.மீ.யைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஆனால் கீழே ஓர் அடி இடைவெளிக்கு ஒரு சட்டம் கொடுத்தால் 12 தொய்வதில்லை, பலகையும் ஐந்து கிலோவுக்குப் பக்கத்திலேயே நிற்கும். சட்டத்தோடு சேர்த்து நானே தனியாகத் தூக்கி இறக்குகிறேன். தடிமனைவிட ரகம்தான் முக்கியம். பலகைமேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 710 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடுக்குகளை ஒட்டியிருக்கும் பிசின் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் விடக்கூடாது என்பது அந்த ரகத்துக்கான சோதனை. முத்திரையை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. அறுத்து மிஞ்சிய துண்டு ஒன்றைப் பழைய குண்டானில் போட்டுச் சாயங்காலம் முழுக்கக் கொதிக்கவிட்டேன். தண்ணீர் கட்டன் சாயா நிறத்துக்கு மாறியது. ஓரத்தில் கத்தி முனையை வைத்து நெம்பிப் பார்த்தேன், ஓர் அடுக்குகூடப் பிரியவில்லை. முழு ஷீட் வாங்கத் தேவையில்லை, பெரிய கடைகளில் கட் பீஸ் கேட்டால் கிடைக்கும்.

ஆனால் 710 என்றாலும் ஓரம் ஓரம்தான். ரம்பம் போன இடத்தைக் குனிந்து பாருங்கள், அடுக்குகளுக்கு நடுவே அரிசி நுழையும் அளவுக்குப் பொந்துகள் இருக்கும். நாய் மூத்திரமும் மழைத்தண்ணீரும் உள்ளே போகிற வழி அதுதான். மேலே எத்தனை கோட் அடித்தாலும் ஓரம் திறந்திருந்தால் பலகை அங்கிருந்துதான் ஊதத் தொடங்கும். பொந்துகளில் எம்-சீல் (பிசைந்து அடைத்தால் கல்லாக இறுகும் பசை) அடைத்து, இறுகியதும் 120 உப்புத்தாளால் தேய்த்து, முனைகளைக் கொஞ்சம் உருட்டிவிட்டேன். மொத்த வேலையில் அதிக நேரம் போனது இதில்தான், போகவும் வேண்டும்.

பூச்சுக்கு வருவோம். சட்டம் அடித்துத் தந்த ஆசாரி அண்ணன் மெலமைன் (தின்னர் கலந்து அடிக்கும் மரப்பூச்சு) அடிக்கலாம் என்றார். செலவு குறைவு, சீக்கிரம் காயும். ஆனால் அதன் நெடி கண்ணைக் கரிக்கும். வெயிலில் நின்று கொதிக்கிற மூடிய காருக்குள், நம்மைவிடப் பல மடங்கு மோப்பம் உள்ள உயிரை அந்த வாசனையோடு அடைக்க எனக்கு ஒப்பவில்லை. வாட்டர் பி.யூ. மேட், அதாவது தண்ணீர் கலந்த, பளபளப்பில்லாத பாலியூரித்தேன் பூச்சு வாங்கினேன். விலை கூடுதல்தான், ஆனால் வாசனை மிகக் குறைவு, பிரஷ்ஷையும் தண்ணீரிலேயே கழுவிவிடலாம். முதல் கோட் காய்ந்ததும் மரத்தின் நார் சிலிர்த்துக்கொண்டு கை வைத்தால் சொரசொரவென்று இருக்கும். பயப்பட வேண்டாம், தண்ணீர் பட்டால் மரம் அப்படித்தான். 320 தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு அடுத்த கோட் அடித்தால் வழுவழுப்பாகிவிடும். ஓரங்களுக்கு மட்டும் ஒரு கோட் கூடுதலாகக் கொடுங்கள், அவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

அடிப்பக்கத்தையும் பூசச் சொன்னபோது, "கீழ யாரும்மா பாக்கப் போறா?" என்றார் அண்ணன். "ஒழுகறது எல்லாம் கீழதானே அண்ணே போகும்" என்றேன். ஈரம் மட்டுமல்ல, ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையவும் செய்யும். அப்புறம் அவரே மறுபேச்சில்லாமல் சட்டத்தின் அடி வரைக்கும் பூசிக்கொடுத்தார்.

பூச்சு இரண்டு மூன்று மணி நேரத்தில் தொடக் காய்ந்துவிடும், ஆனால் முழுசாக இறுக ஒரு வாரமாவது விடுங்கள். அதற்குமுன் ரப்பர் விரிப்பைப் போட்டால் ஒட்டிக்கொண்டு தடம் விழும். விரிப்பு கட்டாயம் வேண்டும். மேட் பூச்சானாலும் நகத்துக்கு அது வழுக்கும் தரைதான்.

சேலத்திலிருந்து ஏற்காடு, 20 கொண்டை ஊசி வளைவு. கருப்பி மூன்றாவது வளைவிலேயே படுத்துவிட்டாள், மேலே போய்ச் சேரும்வரை வாந்தி இல்லை. கூண்டின் சத்தமும் நின்றுவிட்டது. ஒன்று மட்டும் கவனம்: பலகை கூண்டைச் சமமாக வைக்குமே தவிர, சடன் பிரேக்கில் பிடித்து நிறுத்தாது. ராட்செட் பெல்ட் (பிடியை ஆட்டி இறுக்கும் கட்டுப்பட்டை) போட்டுக் காரின் உலோகக் கொக்கிகளோடு கூண்டைத் தனியாக இறுக்கத்தான் வேண்டும்.

குறை என்றால் கீறல். அவள் ஏறி இறங்கும் முன்விளிம்பில் நகத்தடம் தெரிகிறது. டின்னில் கால்வாசி மிச்சம் இருக்கிறது, ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த விளிம்பைத் தேய்த்து இன்னொரு கோட் கொடுத்துவிடுவேன்.